நோக்கமும் வினாத்தாளும்

பருவத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் நம் கல்லூரிகளின் துறை அறைகளில் நிகழும் ஒரு காரியத்தை ஊன்றிக் கவனித்தவர்களுக்கு, இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அதிலேயே அடங்கிக் கிடப்பது புலப்படும். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர், சென்ற மூன்று ஆண்டுகளின் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, அலகுக்கு இரண்டு சிறுவினாவும் ஒரு பெருவினாவுமாகத் தெரிந்தெடுத்து எழுதி முடிக்கிறார். முடித்த பிறகு, ஒவ்வொரு வினாவுக்கும் வலப்புறத்தில் வெறுமையாக நிற்கும் இரண்டு கட்டங்களை நிரப்பத் தொடங்குகிறார். ஒன்றில், அந்த வினா எந்தக் கற்றல் விளைவைச் சோதிக்கிறது என்பதற்குரிய எண். மற்றொன்றில், அது அறிவின் எந்தப் படியைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் 'கே1', 'கே2' முதலிய குறியீடு. வினா முன்னே பிறந்துவிடுகிறது. நோக்கம் பின்னே வந்து அதனோடு ஒட்டிக்கொள்கிறது. நோக்கத்திலிருந்து வினா பிறக்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கட்டங்கள், பிறந்துவிட்ட வினாவுக்கு நோக்கம் தேடித் தரும் கட்டங்களாக மாறிப்போன விந்தையே நாம் இங்கே ஆராயப் புகும் பிரச்சினை.

ஒரு பாடத்தைக் கற்று முடித்த மாணவர் எதைச் செய்ய வல்லவராகவேண்டும் என்று முன்கூட்டி வகுத்துரைப்பது கற்றல் விளைவு; அந்த வல்லமை அவரிடம் வந்து சேர்ந்ததா என்று அறிவதற்கு உரிய சாதனம் மதிப்பீடு; இரண்டுக்கும் இடையே, அந்த வல்லமையை வளர்க்கும் பயிற்சியாக அமைவது வகுப்பு. இம்மூன்றும் ஒரே திசையை நோக்கவேண்டும் என்பது, சொல்லிப் பார்த்தால், எவரும் மறுக்காத எளிய நியாயமே. நீந்தக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்பவர் மாணவனைக் குளத்தில் இறக்கிப் பார்க்காமல், நீச்சலின் பயன்கள் யாவை என்று எழுதச் சொல்லி மதிப்பெண் கொடுத்தால் நாம் நகைப்போம். ஆயினும், அதனையொத்த காரியம் உயர்கல்வியில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதை யாரும் நகைப்புக்குரியதாகக் கருதவில்லை. இதற்கு ஆசிரியர்களின் அசிரத்தை காரணம் என்று முடிவு கட்டுவது அவசரத் தீர்ப்பாகும். காரணம் நம் கல்லூரிக் கல்வி பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

பரீட்சை முந்தியது

1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து, 1857-இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் சர்வகலாசாலைகள் நிறுவப்பட்டபோது, அவற்றுக்கு மாதிரியாகக் கொள்ளப்பட்டது லண்டன் சர்வகலாசாலை. அந்நாளில் லண்டன் சர்வகலாசாலையோ, தானே கற்பிக்கும் இடமாக இராமல், பிற கல்லூரிகளில் பயின்றவர்களைப் பரீட்சித்துப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாக இருந்தது. நம்முடையவையும் அவ்வாறே அமைந்தன. பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கும் பொறுப்பை ஏற்பதற்கு வழிசெய்த சட்டம் 1904-இல்தான் வந்தது. ஆகவே, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்குப் பரீட்சை என்பதே பொருளாக இருந்தது என்றால் அது மிகையன்று.

இந்த ஏற்பாட்டின் பலன் ஆழமானது. கற்பிப்பவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர், திருத்துபவர் மூன்றாமவர் என்று பிரிந்துபோன பிறகு, மூவரையும் இணைக்கும் ஒரே கயிறாக எஞ்சியது அச்சிட்ட பாடத்திட்டம். அதுவோ தலைப்புகளின் ஜாபிதா. எங்கோ ஓர் ஊரில், தாம் கண்டிராத மாணவருக்கு, தாம் கேட்டிராத ஆசிரியர் எவ்வாறு கற்பித்தார் என்பதை அறியாத நிலையில் வினா எழுதும் தேர்வாளர், எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் பாடநூலில் உள்ளதை மட்டுமே நியாயமாகக் கேட்கமுடியும். அவருடைய நியாய உணர்ச்சியே வினாவை ஞாபகத்தின் எல்லைக்குள் சுருக்கியது. கைடும், 'முக்கிய வினாக்கள்' என்று நோட்டில் சுற்றிலும் கோடிட்டு வைக்கும் வழக்கமும், ஐந்தாண்டுத் தாள்களைக் கொண்டு அடுத்த தாளை ஆரூடம் சொல்லும் கலையும் இந்த நிலத்தில் விளைந்த பயிர்களே.

குறையை உணராதவர்கள் அல்லர் நம் முன்னோர். 1948–49-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் அது பரீட்சைச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்ற கருத்தை வெளியிட்டது. அடுத்த பத்தாண்டிற்குள், அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் புளூம் இங்கு வந்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவில் பரீட்சைச் சீர்திருத்தக் கருத்தரங்குகளை நடத்தினார். அவற்றின் அறிக்கை 1961-இல் வெளியாயிற்று. 1964–66-இல் கோத்தாரிக் குழுவும் அதே குறையை எடுத்துரைத்தது. 1978-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, லயோலா கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றபோது, கற்பிப்பவரே கேட்பவராகவும் ஆகக்கூடிய வாய்ப்பு நெடுங்காலத்திற்குப் பின் திரும்பி வந்தது. வாய்ப்பு வந்தும், பல தன்னாட்சிக் கல்லூரிகளின் வினாத்தாள்கள் பழைய பல்கலைக்கழகத் தாள்களின் சாயலிலேயே நீடித்தன என்பது, சுதந்திரம் கிடைப்பதும் பழக்கம் விடுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு ஓர் அத்தாட்சி.

கருத்து வளர்ந்த வரலாறு

நோக்கத்தையும் பரீட்சையையும் சேர்த்துச் சிந்திக்கும் முறைக்கு ஆதிகர்த்தர் என்று ரால்ஃப் டைலரைச் சொல்லலாம். 1930-களில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், உயிரியல் முதலிய துறை ஆசிரியர்களுக்குத் தேர்வு அமைப்பதில் உதவியாக இருந்த அவர், முதலில் கேட்டது வினாக்களைப் பற்றியன்று. மாணவர் இப்பாடத்தால் எதைப் பெறவேண்டுமென்று விரும்புகிறீர்கள் என்பதே அவர் கேட்ட கேள்வி. ஆசிரியர்கள் விரும்பியதாகச் சொன்னவை பல. அவர்களுடைய பரீட்சைகள் அளந்ததோ ஞாபகம் ஒன்றையே. தகவல்களை நினைவில் வைத்திருப்பவரே அவற்றிலிருந்து புதிய முடிவுகளை ஊகிக்கவும் வல்லவர் என்று கொள்வதற்கில்லை என்பதையும் அவர் சோதனைகளால் கண்டார். நோக்கம், அதற்குரிய அனுபவம், அனுபவங்களின் ஒழுங்கு, நோக்கம் நிறைவேறியதா என்ற சோதனை என்னும் நான்கு கேள்விகளாக 1949-இல் அவர் வகுத்த நூலே பிற்காலப் பாடத்திட்டச் சிந்தனைக்கு அஸ்திவாரமாயிற்று.

அவருடைய மாணவரான புளூமும் உடன் உழைத்த கல்லூரித் தேர்வாளர்களும் 1956-இல் வெளியிட்ட நூல், அறிவுத்துறை நோக்கங்களை அறிதல், புரிதல், பிரயோகித்தல், பகுத்தாய்தல், தொகுத்தாக்கல், மதிப்பிடல் என ஆறு படிகளாக வகுத்தது. 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தியமைத்து, பெயர்ச்சொற்களை வினைச்சொற்களாக்கி, படைத்தலை உச்சிப்படியில் வைத்தனர். இன்று நம் வினாத்தாள்களில் கே1 முதல் கே6 வரை காணப்படும் குறியீடுகள் இந்த வம்சத்தில் வந்தவையே. வகைப்பாட்டின் மூலநோக்கம், பல பல்கலைக்கழகங்களின் தேர்வாளர்கள் தம்முள் வினாக்களைப் பரிமாறிக்கொள்வதற்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்பது. பொதுமொழியாகப் பிறந்தது, காலப்போக்கில் கட்டளையாக வளர்ந்தது.

இதற்கிடையில் மாணவர் பக்கத்திலிருந்து பார்த்த ஆராய்ச்சிகள் வேறொரு வெளிச்சத்தைக் கொண்டுவந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவரை ஆராய்ந்த பென்சன் ஸ்னைடர், அச்சிட்ட பாடத்திட்டத்தின் அடியில் மறைந்த பாடத்திட்டம் ஒன்று இயங்குவதை 1970-இல் எடுத்துக்காட்டினார். 1974-இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்த மில்லரும் பார்லெட்டும், தேர்வுக்கு எது வரும் என்பதற்கான சாடைகளைத் தேடித் திரிபவர், கண்ணில் பட்டால் பிடித்துக்கொள்பவர், சாடை என்ற ஒன்று உண்டென்பதையே அறியாதவர் என மூவகையினரைக் கண்டனர். இரண்டாண்டுகள் கழித்து, ஸ்வீடன் நாட்டு மார்ட்டனும் சால்யோவும், ஒரே பாடத்தைப் பொருளுணர்ந்து ஆழமாகப் படிப்பதும் மேலெழுந்தவாரியாகப் படிப்பதுமாகிய இருவகை அணுகுமுறைகளைப் பிரித்துக் காட்டினர். இவையெல்லாம் கடல்கடந்த சங்கதிகள் அல்ல. "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்ற குரல் கேளாத வகுப்பு நம் நாட்டில் எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வியைக் கேட்டு எரிச்சலுறாத ஆசிரியரும் அரியர். ஆனால் நிதானமாக யோசித்தால், அம்மாணவர் கேட்பது நியாயமான விளக்கமே: நீங்கள் முதல் நாள் வாசித்த நோக்கங்களை நம்புவதா, இறுதி நாள் வரப்போகும் தாளை நம்புவதா என்பதே அதன் பொருள்.

ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் கற்பித்த ஜான் பிக்ஸ் இவ்விரு நீரோட்டங்களையும் ஒன்றாக இணைத்தார். பணியிலிருக்கும் ஆசிரியர்களாகிய தம் மாணவர், உளவியல் தத்துவங்களைப் பற்றி எழுதுவதில் வல்லவராவதைவிட, அவை தம்முடைய சொந்த வகுப்பை எவ்வாறு மாற்றின என்று காட்டுவதே முறை என்று கருதி, அதற்கான சான்றுகளை அவர்களே திரட்டித் தொகுத்துத் தரும்படி செய்தார். இந்த அனுபவத்திலிருந்து பிறந்த கோட்பாட்டை அவர் 1996-இல் கட்டுரையாகவும் 1999-இல் நூலாகவும் வெளியிட்டார். மாணவர் பரீட்சையை உத்தேசித்தே படிப்பர் என்றால், அதைக் குறைகூறிக்கொண்டிராமல், பரீட்சையை நோக்கத்தின் உருவமாகவே செய்துவிடுக. பின்பு பரீட்சைக்குப் படிப்பதும் பாடத்தைப் படிப்பதும் ஒன்றாகிவிடும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அட்டவணையின் ஆட்சி

இக்கருத்து நம் கல்லூரிகளுக்குள் புகுந்தது ஆராய்ச்சியின் வாயிலாக அன்று, அங்கீகாரத்தின் வாயிலாக. பொறியியல் பட்டங்களின் சமத்தகுதி பற்றிய வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானபோது, தேசிய அங்கீகார வாரியம் விளைவுகளை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீட்டை வற்புறுத்தியது. 2018-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையை வெளியிட, 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் மதிப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. உத்தேசம் நல்லது, ஆனால் மேலிருந்து வந்த எந்த நன்மையும் கீழே வந்து சேரும்போது படிவமாகிவிடும் என்ற நியதிக்கு இதுவும் விலக்காகவில்லை. பாட விளைவுக்கும் பட்டப்படிப்பின் விளைவுக்கும் உள்ள சம்பந்தத்தை ஒன்று, இரண்டு, மூன்று என எண்களால் குறிக்கும் அட்டவணைகள், அங்கீகாரக் குழுவின் வருகைக்கு முந்திய வாரங்களில் இரவு பகலாக நிரப்பப்படுகின்றன. இந்த நிலையில் மூன்று பிழைகள் வேரூன்றியிருப்பதைக் காண்கிறோம்.

முதலாவது, வினைச்சொல் மயக்கம். 'வரையறு' என்றிருந்தால் கே1, 'பகுத்தாய்க' என்றிருந்தால் கே4 என்று சொல்லைக் கொண்டே படியை நிர்ணயிக்கிறோம். நோட்ஸில் சொல்லி எழுதவைத்த பகுப்பாய்வை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவர் பகுத்தாய்கிறாரா, நினைவுகூர்கிறாரா? ஒரு வினா எந்தப் படியைச் சேர்ந்தது என்பது, மாணவர் அதற்கு முன் என்ன கற்றிருந்தார் என்பதைப் பொறுத்தது என்று புளூமின் நூலே எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை, வினைச்சொற்களின் பட்டியலோடு சேர்ந்து நம் கைக்கு வந்து சேரவில்லை.

இரண்டாவது, அலகு மயக்கம். பாடத்தில் அலகுகள் ஐந்து. ஆதலால் விளைவுகளும் ஐந்து. முதல் அலகு முதல் விளைவு. இவ்வாறு எழுதப்படும் விளைவு, அலகின் தலைப்போடு 'அறிவர்' என்ற பயனிலையைச் சேர்த்ததே தவிர வேறன்று. உண்மையான வல்லமைகளோ அலகின் எல்லைக்குள் அடங்குவதில்லை. ஐந்து அலகுகளின் அறிவையும் ஒருங்கே வேண்டுபவை அவை.

மூன்றாவது, கூட்டுத்தொகை மயக்கம். பொறியியல் கல்லூரிகளில் பெரிதும் வழங்கும் நூறு மதிப்பெண் தாளை எடுத்துக்கொள்வோம்: இரண்டு மதிப்பெண் வினா பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினா ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. அலகுக்குச் சிறுவினா இரண்டும் பெருவினா ஒன்றுமாக, ஓர் அலகுக்கு 17 மதிப்பெண். மூன்று அலகுகளை முற்றக் கற்று, இரண்டு அலகுகளைத் திறந்தும் பாராத மாணவர் 51 மதிப்பெண் பெறலாம். ஐம்பதைத் தேர்ச்சியின் எல்லையாகக் கொண்டால், ஐந்து வாக்குறுதிகளில் இரண்டு அறவே நிறைவேறாத நிலையிலும் அவர் தேர்ச்சி பெற்றவரே. மொத்த மதிப்பெண் என்பது ஒன்றன் குறையை மற்றொன்றன் மிகுதியால் மூடும் போர்வை. போர்வைக்குள் இருப்பதைத் தனித்தனியே காட்டுவதற்கு வந்த கணக்கு, குழுவுக்குக் காட்டும் கோப்பில் மட்டும் இடம்பெற்று, மாணவர் கைக்கு வராமலே போகிறது.

ஒரு வினாவை அருகிலிருந்து பார்த்தல்

பொதுமையில் பேசுவதால் பயன் குறைவு. ஆகவே இளநிலை வேதியியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ஒரு காரக் கரைசலின் செறிவைத் தரம்பார்த்துக் கண்டறியவும், முடிவில் நேரும் பிழையை ஆராயவும் வல்லவராவர்' என்பது விளைவு. தேர்வு நாளில் மாணவர் செய்முறையைப் பத்து வரியில் எழுதுகிறார், 20 மில்லிலிட்டர் காரத்தைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, பினாப்தலீன் இரண்டு சொட்டுச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து அமிலத்தை இறக்குகிறார், இளஞ்சிவப்பு மறைகிறது, அட்டவணையில் ஒன்றுக்கொன்று அச்சொட்டாக ஒத்த அளவீடுகளைப் பதிகிறார். அவற்றுள் ஒன்று பக்கத்து மேசையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். விளைவின் முற்பாதிக்கு ஓரளவு சான்று கிடைத்தது. பிழையை ஆராயும் பிற்பாதிக்கு ஒரு துளிச் சான்றும் இல்லை. ஆனால் கட்டத்தில் கே4 என்று பதிவாகிவிட்டது.

இதையே மாற்றி அமைத்துப் பார்க்கலாம். 18.9, 18.4, 18.4 என்ற மூன்று அளவீடுகளைக் கொடுத்து, எதை ஏற்பாய், ஏன் என்று கேட்கலாம். பியூரெட்டை அமிலத்தால் அலசாமல் தண்ணீரால் மட்டும் அலசிவிட்டு நிரப்பியிருந்தால் கணக்கில் வரும் காரத்தின் செறிவு உண்மையைவிடக் கூடுமா, குறையுமா என்று கேட்கலாம். பியூரெட்டில் தங்கிய நீர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்; ஆகவே அமிலம் அதிகமாக இறங்கும்; ஆகவே காரத்தின் செறிவு உண்மையைவிட அதிகமாகத் தோன்றும் என்று மூன்று அடியில் காரணத் தொடரைக் கட்டிக் காட்டுபவர் பிழையை ஆராய்கிறார் என்பதில் ஐயமில்லை. இவ்வினாவுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டுவதில்லை, செலவும் இல்லை. வேண்டுவது, வகுப்பில் அலசும் வேளையில், ஏன் அலசுகிறோம் என்று ஒருமுறை நின்று கேட்பதே. இங்கேதான் வினாத்தாள் பின்னோக்கிச் சென்று வகுப்பைத் திருத்துகிறது.

இலக்கிய வகுப்பிலும் கதை இதுவே. 'ஒரு செய்யுளைப் படித்து நயங் காண்பர்' என்பது விளைவு. தாளில் கேட்கப்படுவதோ, ஆசிரியர் ஏற்கெனவே நயங் கண்டு எழுதவைத்த செய்யுளின் நயம். ஆசிரியரின் ரசனைக்கு மாணவர் பெறும் மதிப்பெண் அது. பாடத்தில் இடம்பெறாத எட்டு வரிகளைத் தாளில் அச்சிட்டு, சொற்பொருளும் கொடுத்துவிட்டு, உன்னைத் தடுத்து நிறுத்திய ஒரு சொல்லை எடுத்துக்காட்டி, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுதுக என்று கேட்டால், கைடுகள் மௌனமாகிவிடும்.

ஆட்சேபணைகள்

முதல் ஆட்சேபணை நடைமுறையைப் பற்றியது. திறந்த வினாக்களுக்குத் திருத்துபவர் ஆளுக்கொரு மதிப்பெண் தருவார். நினைவை அளக்கும் வினாக்களே பாரபட்சமற்றவை என்பர். இதில் உண்மை உண்டு. முன்பு டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்து இங்கிலாந்து திரும்பிய பிலிப் ஹார்டாக், ரோட்ஸ் என்பவருடன் 1935-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வரலாற்று விடைத்தாள் பதினைந்தை அதே தேர்வாளர் பதினால்வர் ஓராண்டுக்கு மேல் கழித்து மீண்டும் திருத்தியபோது, 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின. ஆனால் அவர்கள் திருத்தியவை வழக்கமான கட்டுரை விடைகளே என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். எதற்கு மதிப்பெண் என்று முன்னே தெளிவாக வகுத்துக்கொள்ளாத இடத்தில் எந்த வினாவும் இந்தக் கதிக்கு உள்ளாகும். நோக்கத்தைத் தெளிவாக எழுதுவது திருத்துபவருக்கும் துணையாகும். நிச்சயமாக அளக்கமுடியும் என்பதற்காகவே வேண்டாததை அளப்பது, தராசு நன்றாயிருக்கிறது என்பதற்காக நெல்லுக்குப் பதில் உமியை நிறுப்பதை ஒக்கும்.

இரண்டாவது ஆட்சேபணை தத்துவத்தைப் பற்றியது, இதுவே கனமானது. கலையனுபவம் போன்றவற்றில் விளைவை முன்னரே எழுதிவைக்க இயலாது என்று 1967-இல் எலியட் ஐஸ்னரும், அறிவுலகில் மாணவரைப் பிரவேசிக்கச் செய்யும் கல்வியின் வெற்றி எதிர்பாராத விளைவுகளில்தான் இருக்கிறது என்று 1975-இல் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸும் வாதித்தனர். ஒரு நல்லாசிரியரின் வகுப்பில் நாம் பெற்றவற்றுள் சிறந்தது எந்த அட்டவணையிலும் அடங்காது என்பதை அனுபவித்தவர் யாவரும் ஒப்புவர். ஆனால் இவ்வாதம் நம்முடைய பழைய வினாத்தாளுக்கு அடைக்கலம் தராது. எதிர்பாராத விளைவுக்கு இடங்கொடுக்க விரும்புபவர், எதிர்பார்த்த பத்து வரியை மட்டும் ஏற்கும் தாளை எப்படி ஆதரிப்பார்? ஐஸ்னரின் ஆட்சேபணையை மெய்யாக மதித்தால், விளைவுகளைச் சிலவாகவும் அகலமாகவும் எழுதி, விடை ஒன்றாக இல்லாத வினாக்களைத் தாளில் கூட்டுவதே அதற்குரிய மரியாதை.

மூன்றாவது, வகுப்பின் பெருக்கமும் ஆசிரியரின் பளுவும். எழுபது மாணவர் உள்ள வகுப்பில் தனித்தனியே செயலைக் கண்டு மதிப்பிடுவது எளிதன்று. இது வெறும் சாக்கு அன்று, உண்மையான துன்பம். அதனாலேயே சீர்திருத்தம் புதிய படிவங்களாக வரக்கூடாது என்கிறோம். அட்டவணை நிரப்பச் செலவாகும் பொழுதில் பாதி, ஆண்டுக்கு நான்கு நல்ல வினாக்களை இருவர் சேர்ந்து உட்கார்ந்து செதுக்கச் செலவாகுமானால், ஐந்தாண்டில் ஒரு துறைக்கு இருபது வினாக்கள் சொத்தாகச் சேரும்.

ஆகவே நாம் முடிவாகக் கொள்ளவேண்டியது, நோக்கத்தின் தரத்தை நோக்கத்தின் வாசகத்தால் அறியமுடியாது, அதற்காகக் கேட்கப்படும் வினாவால்தான் அறியமுடியும் என்பதே. கற்றல் விளைவு கல்லூரி தரும் வாக்கு. வினாத்தாள் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதற்குரிய பிரமாணம். வினாவைக் கடைசியில் எழுதும் வழக்கத்தை மாற்றி, பருவத்தின் முதல் வகுப்புக்குப் போகுமுன்பே, ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு வினாவையாவது ஆசிரியர் எழுதிப் பார்க்கவேண்டும். எழுத வராவிட்டால், அந்த விளைவு இன்னும் விளைவாகவில்லை என்று கொண்டு அதைத் திருத்தி எழுதவேண்டும். வலப்புறத்துக் கட்டங்கள் அப்போது தாமாகவே நிரம்பும்.

அதன்பின், பின் பெஞ்சிலிருந்து, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒரு குரல் எழுந்தால் ஆசிரியர் எரிச்சலுற வேண்டியதில்லை. "வரும், ஆனால் நீ இதுவரை பார்த்திராத உருவத்தில் வரும்" என்று அவர் மனமறிந்து சொல்லலாம்.